கூடு ஏந்திய சிறுவன் மொசார்ட் அல்ல: வினாடி வினா அமைப்பாளர்களுக்கும் இசைப் பாடநூல் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் நடந்த மேற்கத்திய இசை வினாடி வினாவின் இறுதிச் சுற்றில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இருமுறை கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு இரண்டு வரிகளில் பதில் வந்தது: பாடநூலில் உள்ளபடியே மதிப்பெண் வழங்கப்பட்டது, நடுவரின் முடிவே இறுதியானது. ஆகவேதான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திரையில் ஒரு படம் வந்தது. கையில் பறவைக் கூட்டை ஏந்திய ஒரு சிறுவன். "இவர் யார்?" என்பது கேள்வி. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மாணவிதான் முதலில் மணியை அழுத்தினாள். "மொசார்ட் என்று சொல்லிவந்தார்கள். அவர் இல்லை என்று பிறகு ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்" என்றாள். அரங்கில் சிலர் சிரித்தார்கள். நடுவர் "தவறு" என்றார். அடுத்த அணி "மொசார்ட்" என்றது. கைதட்டல்; பத்து மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் எங்கள் அணி தோற்றது.

தோற்றதை நான் பெரிதாக நினைக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அடையாறு பாலம் தாண்டிய பிறகு, "மிஸ், நான் பேசாமல் மொசார்ட் என்றே சொல்லியிருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. படித்துத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சபையில் சொன்னதற்காக ஒரு குழந்தை வெட்கப்பட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வரிப் பதிலில் நீங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சொன்னது சரி. சொஃபனி என்ற ஓவியர் 1764-இல் லண்டனில் எட்டு வயது மொசார்ட்டைப் பார்த்து வரைந்தது என்று சொல்லப்பட்டு, எத்தனையோ புத்தகங்களில் ஏறிய படம் அது. 2013-இல் சால்ஸ்பர்க் நகரின் மொசார்ட்டேயம் அறக்கட்டளை மொசார்ட்டின் உருவப்படங்களையே பொருளாக எடுத்துக்கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. அதையொட்டி நடந்த ஆராய்ச்சியில் அந்தச் சிறுவன் மொசார்ட் அல்ல என்று அறிவித்தார்கள். அவர் பிறந்த ஊரில், அவர் பெயரிலேயே இயங்கும் நிறுவனம் சொன்னது இது. அவர்களே கைவிட்ட முகத்தை நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

உங்கள் பாடநூலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொசார்ட் பாடத்தில் ஒரே பக்கத்தில் நான்கு முகங்கள். நான்குக்கும் அடியில் ஒரே சொல்: மொசார்ட். ஒன்று கூடு ஏந்திய சிறுவன். இன்னொன்று சிவப்புக் கோட்டு அணிந்த, சாக்லேட் உறைகள் வரை பரவிவிட்ட படம். அதை பார்பரா கிராஃப்ட் வரைந்தது 1819-இல். மொசார்ட் இறந்தது 1791 டிசம்பர் 5 அன்று. இடையில் 28 ஆண்டுகள். மொசார்ட்டின் அக்கா நானர்லிடம் இருந்த குடும்பப் படங்களைப் பார்த்து அக்கறையோடு வரைந்தார், அதில் குற்றமில்லை. ஆனால் மொசார்ட் அவர் முன்னால் உட்காரவில்லை என்பதைப் படிக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது?

மூன்றாவது, முகம் மட்டும் முடிந்து உடல் முடியாமல் நிற்கும் படம். வரைந்தவர் யோசப் லாங்கே. மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸேயுடைய அக்கா கணவர். மொசார்ட்டின் சாயல் மிகச் சரியாக அமைந்தது இந்தப் படத்தில்தான் என்று கான்ஸ்டான்ஸே, 1829-இல் தன்னைப் பார்க்க வந்த ஒரு ஆங்கிலத் தம்பதியிடம் சொல்லியிருக்கிறார். கூட வாழ்ந்த மனைவியே சான்று சொன்ன படம். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரு மூலையில் போட்டிருக்கிறீர்கள். கூடு ஏந்திய சிறுவனுக்கோ அரைப் பக்கம்.

நான்காவது படம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பச்சைக் கோட்டு அணிந்த, சற்றே ஊதிய முகம். எட்லிங்கர் என்ற மியூனிக் ஓவியர் வரைந்தது. 1790-இல் மொசார்ட் பிராங்க்பர்ட்டிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மியூனிக்கில் தங்கினார். அப்போது வரையப்பட்டிருக்க வேண்டும் என்று 2005 ஜனவரியில் பெர்லின் ஓவியக்கூடம் அறிவித்தபோது உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. நானும் அந்தச் செய்தியை வெட்டி என் வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். பிறகு மியூனிக் நகர ஆவணக் காப்பகத்தின் பக்கமிருந்தே மறுப்பு வந்தது. அவர் யோசப் ஸ்டெய்னர் என்ற வணிகர் என்றார்கள். விவாதம் எழுந்ததுமே நான் சுவரிலிருந்து அதை எடுத்துவிட்டேன். நீங்கள் அதற்குப் பிறகுதான் அதைப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறீர்கள்.

அந்த வணிகரை நினைத்தால் மனம் வலிக்கிறது. அவர் ஸ்டெய்னர்தான் என்றால், காசு கொடுத்து ஓவியரை அமர்த்தி, தன் முகம் தன் வீட்டாருக்கு நிலைக்க வேண்டும் என்று உட்கார்ந்த மனிதர் அவர். அந்த முகத்தின் மேல் வேறொருவர் பெயரை எழுதிவிட்டோம். கூடு ஏந்திய சிறுவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்; அவனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயரைத் தேடும் வேலையே நடக்காதபடி மொசார்ட் என்ற பெயர் அவன் மேல் உட்கார்ந்திருந்தது.

மொசார்ட்டுக்கும் நாம் நல்லது செய்யவில்லை. வியன்னாவின் செயின்ட் மார்க்ஸ் இடுகாட்டில் அவரைப் புதைத்த சரியான இடம் தெரியாது. அவருடையது என்று சொல்லப்பட்ட ஒரு மண்டையோட்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, மரபணுச் சோதனை செய்து 2006-இல் அறிவித்தார்கள். அதிலும் முடிவு கிடைக்கவில்லை. கல்லறையும் நிச்சயமில்லாத மனிதருக்கு மிஞ்சியிருப்பவை அவர் முன்னிலையிலேயே வரையப்பட்ட சில படங்கள்தான். 1789 ஏப்ரலில் டிரெஸ்டனில் டோரிஸ் ஸ்டாக் என்ற பெண் வெள்ளி முனையால் தீட்டிய கையகலப் படம் இருக்கிறது. 1777-இல் சால்ஸ்பர்கில் வரைந்து பொலோனாவுக்கு அனுப்பிய படம் இருக்கிறது. கலையாகப் பெரிய மதிப்பில்லை, ஆனால் சாயல் அப்படியே இருக்கிறது என்று தந்தை லியோபோல்டே பொலோனாவின் இசை அறிஞர் மார்த்தினி பாதிரியாருக்கு எழுதினார். பெற்றவர் உறுதி சொன்ன முகம். அது உங்கள் புத்தகத்தில் இல்லவே இல்லை. அழகாக இல்லை என்று விட்டுவிட்டீர்களா?

பணமும் இதில் விளையாடுகிறது. 1770-இல் வெரோனாவில் பதின்மூன்று வயது மொசார்ட்டை வரைந்த படம் 2019 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 40 லட்சம் யூரோவுக்குப் போனது. அதில் இருப்பவர் மொசார்ட் என்பதில் ஐயமில்லை. வரைந்தவர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரு முகத்துக்கு இவ்வளவு விலை என்றால், பரணில் கிடக்கும் பழைய படத்தில் விக் அணிந்த பையன் எவனையும் மொசார்ட்டாக்கிப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். வியாபாரிகளின் ஆசை எனக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்களும் அந்த வரிசையில் போய் நிற்பதுதான் புரியவில்லை. உங்கள் புத்தகத்தின் விலை மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. படங்களைச் சரிபார்க்க ஓர் ஆளை வைக்க முடியாதா? பாட்டின் பெயரிலும் எண்ணிலும் தவறு, பிறந்த ஆண்டில் தவறு என்று நான் அனுப்பிய திருத்தங்களே ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருக்கும். ஒன்றுகூட ஏறவில்லை.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறிய காரியம். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வரி அச்சிடுங்கள். யார் வரைந்தது, எந்த ஆண்டு, மொசார்ட் உயிரோடு இருந்தபோதா இறந்த பிறகா என்று அதில் இருக்கட்டும். ஐயம் இருந்தால் "எனக் கருதப்படுகிறது" என்று சேருங்கள். மறுக்கப்பட்டிருந்தால் "என முன்பு கருதப்பட்டது" என்று சேருங்கள். பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். படங்களை நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரிதான் வேண்டும்.

வினாடி வினா அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து மதிப்பெண்ணையும் கோப்பையையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. வென்ற பிள்ளைகளும் உழைத்தவர்களே. என் மாணவியின் பெயருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அவள் சொன்ன விடை சரி என்று அதில் எழுதியிருந்தால் போதும். நடுவர் முடிவு இறுதியாகவே இருக்கட்டும்.

புதிய பதிப்பு ஜூன் மாதம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
சென்னை