கலைச் செய்தியைக் கடைசி வீடு வரை கொண்டு சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்னையில் மாதந்தோறும் நடைபெறும் இசை, நடனம், நாடகம், கூத்து, ஓவியக் கண்காட்சி, நூல் வெளியீடு ஆகியவற்றின் நாள், நேரம், இடம் அனைத்தையும் திரட்டி, நான்கு பக்கத் தாளாக அச்சிட்டு இலவசமாக வழங்கிவரும் எங்கள் பணி ஆறு ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. தொகுப்பவர்கள் நாங்கள் மூவர்தாம். ஆனால் எந்த மாதத்துத் தாளும் எங்கள் மூவரால் மட்டும் வந்துவிடவில்லை. உதவிய கைகளுக்கு ஒரு முறையேனும் எழுத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்ற நெடுநாள் விருப்பத்தில் இம்மடலை எழுதுகிறோம்.

2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இசைக்காகச் சென்னையைத் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டபோது ஊரே பெருமைப்பட்டது. அந்த நாட்களில், எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துத் தரும் அம்மையார் ஒருவர், சபாவில் கச்சேரி கேட்பதென்றால் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தாம் எண்ணியிருந்ததாகச் சொன்னார். மார்கழியில் பல சபாக்களின் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை என்பது, சபாவிலிருந்து நடந்து போகும் தொலைவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும் அவர் காதில் விழவில்லை. கலை இந்த நகரத்தில் குறைவாக இருக்கவில்லை, அதைப் பற்றிய செய்திதான் ஏற்கெனவே அறிந்தவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது அன்றுதான். எனவே முதல் நன்றி அந்த அம்மையாருக்கு. இன்றும் அவருடைய தள்ளுவண்டியில் எங்கள் தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன. தேய்த்த துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

சபாச் செயலர்களுக்கும் நாடகக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் அடுத்து நன்றி சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்பியதோடு, பாடகர் பெயரை மட்டும் போடாமல் வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களின் பெயர்களையும் போடுங்கள் என்று வற்புறுத்தியவர்கள் அவர்களுள் சிலர். அந்த அறிவுரை எங்கள் தாளின் முறையையே மாற்றியது. தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனத்துக்காகவே கச்சேரிக்குப் போகும் ரசிகர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்பது பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனினும், அழைப்பிதழில் ஒருபோதும் அச்சாகாத செய்திகளை எங்களுக்குத் தந்தவர்கள் அரங்குகளின் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும்தாம். மாடியிலுள்ள சிற்றரங்குக்கு மின்தூக்கி உண்டா, சக்கர நாற்காலி எந்த வாயில் வழியாக நுழையும், பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம், நிகழ்ச்சி உண்மையில் எத்தனை மணிக்கு முடியும், முடிந்தபின் பேருந்து நிறுத்தம் வரை தெருவிளக்கு எரியுமா ஆகிய கேள்விகளை நாங்கள் கேட்டபோது, அலுத்துக்கொள்ளாமல் உடன் நடந்து வந்து காட்டிய பெரியவர்கள் அவர்கள். ஒரு வயதான தாய் கச்சேரிக்குப் போவதும் போகாமலிருப்பதும் பெரும்பாலும் ராகத்தைப் பொறுத்து அமைவதில்லை, படிக்கட்டைப் பொறுத்தே அமைகிறது. இதை எங்களுக்கு உணர்த்தியவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

வடசென்னை நண்பர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தனியானது. தொடக்க மாதங்களில் எங்கள் தாளைப் பிரித்தால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆகிய பெயர்களே கண்ணில் படும். அவ்வாறு அமைந்தது எங்கள் அறியாமையால்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் பக்கத்தில் எதுவும் நடப்பதில்லை என்று நினைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கோபமாக அல்ல, வருத்தமாகவே கேட்டார். அடுத்த வாரமே தம் மாணவர்களை அனுப்பி, பறையிசைப் பயிற்சிகள், கானா மேடைகள், அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து, சிலம்ப நிகழ்ச்சிகள் என்று ஒரு குறிப்பேடு நிறையத் தகவல் திரட்டித் தந்தார். அந்தக் குறிப்பேட்டின் நகல்தான் இன்றுவரை எங்கள் மேசையில் முதலில் திறக்கப்படுகிறது.

1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், பாரிமுனையை அடுத்த ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடத்தும் ஆண்டு இசை விழாவை நாங்கள் குறிப்பிட்டிருந்தோம். ஆனால் அதனோடு சேர்ந்த, பழந்தமிழ் ராகங்களான பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டத்தைப் புலவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி விட்டுவிட்டோம். தேவாரப் பண்களைப் பற்றிய பேச்சைக் கேட்கச் சாதாரண வாசகருக்கு ஆவல் இருக்காது என்று நாங்களாகவே முடிவு செய்தது தவறு என அந்த வண்ணாரப்பேட்டை ஆசிரியர்தான் எடுத்துரைத்தார். அதைச் சேர்த்த ஆண்டில், அந்தப் பகுதியில் மட்டும் தாள்கள் தீர்ந்துபோய் மறுமுறை அச்சிட நேர்ந்தது.

2020ஆம் ஆண்டு மார்கழியில் அரங்குகள் மூடியிருக்க, கச்சேரிகள் இணையத்துக்கு இடம் மாறின. அப்போது தாளை விநியோகிக்கும் வழி இல்லை. திறன்பேசி இல்லாத முதியவர்களை நாள்தோறும் அழைத்து, அன்றைய நிகழ்ச்சிகளைப் படித்துச் சொன்ன கல்லூரி மாணவியர் ஐவருக்கு நன்றி. அவர்களுள் ஒருவர் பார்வையற்ற வாசகர்களுக்காக முழுத் தாளையும் தம் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். அந்தக் குரல் பதிவு இன்றும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் போகிறது.

2023 டிசம்பரின் முதல் வாரத்தை எங்களால் மறக்க இயலாது. மிக்ஜாம் புயலின் மழையில் நகரின் பல பகுதிகள் நீரில் நின்றன, மின்சாரமும் தொலைபேசியும் சில இடங்களில் நாட்கணக்கில் இல்லை. அச்சகத்தில் அடுக்கி வைத்திருந்த எங்கள் மார்கழித் தாள்களும் நனைந்து பாழாயின. தம்முடைய இழப்பே பெரிதாக இருந்த நிலையிலும், அச்சகத்தார் மீண்டும் அச்சிட்டுத் தந்து, காகிதத்துக்கான பணத்தை மட்டுமே பெற்றுக்கொண்டார்கள். தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சிகளின் புதிய நாட்களைச் சரிபார்க்க இரண்டு சக்கர வண்டியில் அரங்கு அரங்காகச் சென்று வந்த தன்னார்வலர்களுக்கும், திருத்தச் சீட்டை ஒவ்வொரு தாளிலும் கையால் ஒட்டிய எங்கள் குடியிருப்புப் பெண்களுக்கும் தலை வணங்குகிறோம்.

நூலகங்களின் நுழைவாயிலில் இடம் தந்தவர்கள், தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் தாளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டவர்கள், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்த ஆட்டோ ஓட்டுநர்கள், பெயர் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

பிழை சுட்டிய வாசகர்களை இறுதியாகக் குறிப்பிட விரும்புகிறோம். ஒருமுறை ஒரு நாட்டிய நிகழ்ச்சியின் நாளை நாங்கள் தவறாக அச்சிட்டுவிட்டோம். திருவொற்றியூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, பேத்தியை அழைத்துக்கொண்டு திருவான்மியூர் வரை வந்த தாத்தா ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். மறுநாள் அவர் எழுதிய அஞ்சலட்டையில் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை, சரியான நாள் எது என்று மட்டும் கேட்டிருந்தார். அன்றிலிருந்து, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இருவர் தனித்தனியே தொலைபேசியில் உறுதி செய்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம். பெரியவரே, நீங்கள் கேட்ட நிகழ்ச்சிக்கு உங்கள் பேத்தியுடன் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்ததை எங்களில் ஒருவர் பார்த்தார். அருகில் வந்து மன்னிப்புக் கேட்க அன்று துணிவு வரவில்லை. இம்மடல் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தொகுப்பாளர்கள் மூவர்
சென்னை