அக்காவுக்கு, ஊதாங்குழல் குறித்து

அன்புள்ள அக்கா,

சென்ற வாரம் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏன் போனேன் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. போக வேண்டாம் என்று நீ சொன்ன காரணங்களையும் இங்கே மறுபடி அடுக்கப் போவதில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். நேரில் சொல்லலாம் என்றால் மாமா பக்கத்தில் இருப்பார். எல்லோரும் படிக்கும் இடத்தில் இதை எழுதுவதற்கு நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். அதற்காக என்னை மன்னித்துக்கொள். ஆனால் மறைத்து மறைத்தே இது இவ்வளவு வளர்ந்தது என்பதால், இன்னொரு முறை உன் காதில் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா வீட்டாரும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்கள் சம்பந்தப்பட்டதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படபடப்பு வரும்போது இதுவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று மருத்துவர் முதலில் கேட்டார். நான் ஊதாங்குழலைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அதை நீ என் கையில் கொடுத்த அன்று 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளன்று பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவனின் நிலை என்னவென்பதை நீ மாதாமாதம் பார்த்திருக்கிறாய். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பிய பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. விடியும் வரை இருக்க மாட்டேன் என்றே நம்பினேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. புழக்கடைக்கு அழைத்துப் போய், வெந்நீர் அடுப்பின் முன்னால் பலகையைப் போட்டு உட்கார வைத்து, சாம்பலைக் கிளறிவிட்டு, அம்மாவின் ஊதாங்குழலை என் கையில் கொடுத்தாய். "தீ எரிய வேண்டாம் சாமி, கங்கு சிவந்தாப் போதும்" என்றாய். வேகமாக ஊதியபோது சாம்பல்தான் கண்ணில் பறந்தது. குழலின் மறுமுனையில் காற்று போய்ச் சேரும் ஓசை காதில் விழும்படி மெல்ல, நீளமாக ஊதினால்தான், கறுத்துக் கிடந்த கரித்துண்டின் ஓரம் சிவந்து, சிவப்பு நடுவரை ஊர்ந்து வந்தது. மூச்சு தீர்ந்ததும் குழலைத் தாழ்த்தி, மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினேன். நீ பக்கத்தில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். நடுராத்திரியில் யாருக்கு அந்தக் கீரை என்று கேட்கத் தோன்றவில்லை. என் விரல்களுக்கு உணர்வு வந்ததைப் பார்த்து முறத்தை என் பக்கம் நகர்த்தினாய். இருவரும் பேசாமல் உருவினோம். அந்த இரவைப் போல என்னை யாரும் பார்த்துக்கொண்டதில்லை, அக்கா.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும் எல்லா உடம்புக்கும் இயல்பு என்றும், அதை நடத்துவது வேகஸ் நரம்பு என்றும் மருத்துவர் சொன்னார். வெளிவிடும் மூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் துடிப்பு தானாக இறங்குமாம். ஊதாங்குழல் செய்தது அதைத்தான். விரல் மரத்துப்போனதற்குக் காரணம், மேலும் மேலும் மூச்சு வாங்கியதில் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோனது. ஆக, மறுநாள் நீ ஊருக்கெல்லாம் "வாயுக் கோளாறு" என்று சொன்னது அந்த ஓர் அளவில் உண்மைதான்.

அந்த ஒரு சொல்லை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. ஜாதகம் வெளியே போயிருந்த நேரம். உனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அதற்குப் பிறகு நான் டாக்டர் என்று வாயெடுத்தபோதெல்லாம் உன்னிடமிருந்து ஒரு கைவைத்தியம் வந்தது. ஒன்றையும் நான் தட்டியதில்லை. பேக்கரியில் மாலைக் காப்பியை நிறுத்தச் சொன்னாய்; நிறுத்தினேன். உள்ளே போன காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் என்னைப் புரட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு புரிந்தது. நடக்கச் சொன்னாய். நஞ்சராயன் குளத்துக் கரையில் நடந்தேன். 2024-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த குளம் நம் ஊரில் இருந்தும், பறவை பார்க்க நான் அதுவரை போனதில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அந்தக் கணக்கு எனக்கு எளிதாகவே நிரம்பியது, தூக்கமும் கொஞ்சம் திரும்பியது.

நீ சொல்லாத இரண்டையும் நானே பழகினேன். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் வெளியிட்ட முறை ஒன்று: தசையை வேண்டுமென்றே இறுக்கி, சில நொடி நிறுத்தி, பின் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது தோள் இரண்டையும் காதுவரை தூக்கிச் சட்டென்று விடுவேன். பகல் முழுவதும் தோளைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பது விட்ட பிறகுதான் தெரியும். மற்றொன்று, கவலைக்கென ஒரு நேரம் ஒதுக்குவது. 1983-இல் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு சோதித்துப் பார்த்த வழி இது: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் மட்டும் கவலைப்படுவது, இடையில் வருவதை அந்த நேரத்துக்கு ஒத்திவைப்பது. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் பாதி வரிகள் எதற்காக எழுதப்பட்டவை என்றே விளங்காது.

இவ்வளவு செய்தும் 18-ஆம் தேதியிலேயே நடுக்கம் தொடங்கிவிடுகிறது. வேலையைப் பற்றிய பயம் போய், அந்தப் படபடப்பு மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்தான் மிஞ்சியது. அதற்காகப் பேருந்தை விட்டேன், கோயில் கூட்டத்தை விட்டேன், உன் மகளின் சீருக்கு வந்தும் மண்டபத்துக்கு வெளியிலேயே நின்றேன். அன்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னதை இங்கே எழுதவில்லை. ஒரு நாள் இரவு குளக்கரையிலிருந்து 14416-க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கான இலவச எண் அது, தமிழிலேயே பேசினார்கள். பேசியவர்தான் நேரில் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மருத்துவர் உன் கைவைத்தியங்களில் ஒன்றைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றோடு மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகுமாம்.

கடைசியாக அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் ஊதாங்குழலைக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அம்மா போன வருடத்தில், கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில், விடியும் முன்பே நீ வெந்நீர் அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். குளிர் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுவது சரியல்ல. ஆனால் தெரிந்துகொண்டே எனக்கு டாக்டர் வேண்டாம் என்றாயா என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. உனக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவவில்லையே என்று நினைத்தால் அந்தக் கோபமும் நிலைப்பதில்லை.

அடுத்த முறை வீட்டார் ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை 10 மணி. வருவதென்றால் நீ மட்டும் வா. மாமாவிடம் எங்கே போகிறாய் என்பதைச் சொல்லிவிட்டு வா; வாயுக் கோளாறு என்று சொல்லாதே.

உன் தம்பி