கோழிக்கூண்டுக்குக் 'கோழி வலை' போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

புறக்கடையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நகரங்களிலும் பெருகிவருகிறார்கள். கூடவே, 'ராத்திரி மரநாய் அடித்துவிட்டது' என்ற புலம்பலும் அடிக்கடி காதில் விழுகிறது. இந்த இழப்புகளில் பலவும் கூண்டுக்கு வலை வாங்கும்போதே தொடங்கிவிடுகின்றன.

கடைகளில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோணக் கண்ணி வலை, கோழி வெளியே போகாமலிருக்க மட்டுமே உதவும். கம்பி மெலிது, நாய் கவ்வி இழுத்தால் பிரிந்துவிடும். 2 அங்குலக் கண்ணியுள்ள செயின் லிங்க் வலையில் கீரி எளிதாக நுழைந்துவிடும். இரவுக் கூண்டுக்கு அரை அங்குலச் சதுரக் கண்ணி வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை)தான் சரி. விலை கூடுதல்தான். அதனால் பகலில் மேயும் அடைப்புக்கு, தரையிலிருந்து 2 அடி வரை இதையும் மேலே 1 அங்குலக் கண்ணியையும் போடலாம். கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும் என்பதால், வலையை 3 அங்குலத்துக்கு ஒரு 'யு' ஆணி அடித்து, மேலே மரப்பட்டி வைத்து இறுக்க வேண்டும்.

அடுத்தது தரை. வலையின் அடியில் ஒன்றரை அடி அகலத்தை வெளிப்பக்கமாக மடக்கி, மண்ணோடு படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்க வேண்டும். பெருச்சாளியும் நாயும் சுவரோரத்தில்தான் தோண்டும். வலை தட்டியதும் நின்றுவிடும். பலர் உள்பக்கமாக மடக்கிவிடுகிறார்கள். அப்போது தோண்டும் இடத்தில் வலையே இருக்காது.

மரநாய் வருவது மேலே இருந்து. கூரைத் தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் துணி திணித்தால் பிய்த்துவிடும். அங்கும் வலைத்துண்டுதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடவே கூடாது: காற்றோட்டம் நின்று, எச்சத்தின் நெடியில் கோழிக்குச் சளி பிடிக்கும். கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கதவின் மூலை வளைந்து வழி விடும். கோழி அடையும் கழியை வலையிலிருந்து ஒரு சாணாவது தள்ளிக் கட்டுங்கள். பெரிய கண்ணி வழியாக மரநாய் பாதத்தை நுழைத்து இழுப்பதாலும் சில நாள் தலையில்லாத கோழி கிடக்கலாம்.

கீரியும் வல்லூறும் பகலில் வருபவை. குஞ்சுகளைக் காக்கைக்குத் தப்பவைக்க இரண்டு மாதமாவது பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) நல்லது. ஆனால் இரவில் அதை நம்பக் கூடாது, நாய் புரட்டிவிடும். மேலே கட்டும் நைலான் வலை விறைப்பாக இருக்கட்டும். தொய்ந்து தரை தொட்டால் பாம்புகள் சிக்கிச் சாகும்.

சிந்திய தீவனத்துக்குப் பெருச்சாளி வரும். அது தோண்டிய வளைக்குப் பாம்பு வரும். மாலையில் தீவனத்தட்டை எடுத்துவிடுங்கள். முட்டையை இரண்டு வேளை எடுங்கள். இருட்டுவதற்குள் எண்ணி அடையுங்கள்.

குருணை மருந்து (பூச்சிக்கொல்லி நஞ்சு) வைப்பதும் வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் கொடுமை. மருந்தைத் தின்னும் முதல் உயிர் பக்கத்து வீட்டு நாயாக இருக்கலாம். மின்வேலியைத் தொடுவது ஒரு குழந்தையாக இருக்கலாம். கீரி, மரநாய், உடும்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

அரசுத் திட்டங்களில் கோழிக்குஞ்சு வழங்கும்போதே, கூண்டின் அளவும் வலையின் கண்ணி அளவும் அச்சிட்ட ஒரு தாளைக் கால்நடை மருந்தகங்கள் வழியாகப் பயனாளிகளுக்குத் தர வேண்டும் எனக் கால்நடை பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

– வீட்டுக்கோழி வளர்ப்போர் சிலர்,
ஈரோடு மாவட்டம்