தட்டை எடுத்துவிடும்மா

எருக்கஞ்சேரி
சித்திரை 10

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மேல்வீட்டுப் பையனுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மாப்பிள்ளை அனுப்பிய பால்கனிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் வைக்கோல் தெரிகிறது. சிட்டுக்குருவிக் கூடுதான். அதற்கு இரண்டடி தள்ளி எவர்சில்வர் தட்டில் புளிசாதம், அரைச் சப்பாத்தி, மிக்சர். மீந்தது மாதிரித் தெரியவில்லை, பரிமாறினது அப்படியே வெளியே போயிருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை மட்டும் எடுத்துவிடும்மா.

சோறு கண்ட இடத்துக்குக் காக்கா வரும். வந்தது சோற்றோடு நிற்காது, குருவி முட்டையும் குஞ்சும் அதற்குப் பலகாரம். இப்போது காக்காவுக்கும் கூடு கட்டுகிற காலம். நாலைந்து முட்டை, பதினாறு பதினேழு நாள் அடை, அப்புறம் ஓயாமல் இரை தேடல். இங்கே கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கைப் பார்க்கிறோமே, 300 ஏக்கருக்கு மேல். காக்கா, பருந்து, உண்ணிக்கொக்கு எல்லாம் அங்கேதான். காக்காக் கூடு பெருகினால், அதில் முட்டை வைக்கிற குயிலுக்கும் இடம் பெருகும். நாலாம் கிளாஸிலேயே புள்ளி போட்டது பெண்குயில், கறுப்பு ஆண்குயில் என்று டீச்சருக்கே சொல்லிக் கொடுத்தவள் நீ. நீயா கூட்டுக்குப் பக்கத்தில் மிக்சர் வைக்கிறாய்?

குப்பைச் சோறு காக்காவின் எண்ணிக்கையைத்தான் ஏற்றும், குஞ்சைத் தேற்றாது. அமெரிக்காவில் புறநகர்க் காக்கைக் குஞ்சுகளை அளந்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிராமத்துக் குஞ்சைவிடச் சிறிசு, ரத்தத்தில் புரதமும் கால்சியமும் குறைவு. கனடாப் பக்கம் குப்பை தின்கிற கடற்காகங்கூடக் குஞ்சு பொரித்ததும் மீனுக்கு மாறிவிடுகிறதாம். புறா கதை வேறு. ஆணும் பெண்ணும் தொண்டைப்பையில் பால் சுரந்து ஊட்டும், அதனால் பூச்சியே இல்லாத அடுக்குமாடியிலும் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். குருவிக்கு அந்த வசதி கிடையாது. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் பிறந்த குஞ்சுக்குப் புழு, பூச்சி, சிலந்திதான் வேண்டும். சோற்றையும் சப்பாத்தியையும் ஊட்டினால் வயிறு நிறையும், எலும்பு நிறையாது. கால்சியம் பற்றாமல் காலும் இறக்கையும் வளையும்.

அதனால் தட்டு வேண்டாம். மண்சட்டியில் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர், நிழலில் வை, தினமும் தேய்த்துக் கழுவு. மனசு கேட்கவில்லை என்றால் காலையில் ஒரு பிடி கம்பு, பத்து மணிக்குள் மிச்சத்தைப் பெருக்கிவிடு. உப்புப் பட்டது எதுவும் கூடாது, சின்னப் பறவைக்குத் தாங்காது. முட்டை ஓட்டைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, காயவைத்து, ரவை பதத்துக்கு நுணுக்கி ஒரு ஸ்பூன் தனி மூடியில் வை, முட்டையிடுகிற பெட்டைக்கு அது வேண்டும். (முட்டையை நீ சாப்பிடு.) தொட்டியில் அவரை போடு. அசுவினிப் பூச்சி பிடித்தால் மருந்தடிக்காதே, குஞ்சுக்கு அதுவும் சோறு. ஏசி சர்வீஸை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல். குருவிக்கு அடை பன்னிரண்டு பதிமூன்று நாள், கூட்டில் இன்னும் இரண்டு வாரம்.

அமாவாசைக்குக் காக்காவுக்கு வைப்பதை நான் தடுக்கவில்லை. மொட்டைமாடியில், உப்பில்லாமல், கண்ணெதிரே தின்று தீர்க்கிற அளவு வை. பெரியவர்கள் சொன்னது ஒரு பிடி, குண்டான் இல்லை. ஆனால் பால்கனியில் வேண்டாம். தட்டை எடுத்துவிடு.

குஞ்சு விழுந்தால், உடம்பில் இறகு இல்லையா, எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடு. இறகு முளைத்துத் தத்துகிறதா, விட்டுவிடு, தாய் பக்கத்தில்தான் இருக்கும். மனுஷ வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். வாயில் தண்ணீரோ பாலோ சொட்டவே கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, நேரே உள்ளே போய்விடும்.

இதை நான் உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த மைனாக் குஞ்சு, செல்வி. நீ பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தாயே. இங்க் ஃபில்லரில் பால் சொட்டினது நான். பன்னை நனைத்துத் திணித்ததும் நான்தான். காலையில் விறைத்துக் கிடந்தபோது, "நீ தொட்டாய், அதான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு விவரம் தெரியாது. தெரிந்த பிறகும் இத்தனை வருஷமாக வாய் திறக்கவில்லை. நீ அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கை பட்டு எதுவும் போகவில்லை கண்ணு. அன்றைக்கும் இல்லை, எப்போதும் இல்லை.

அம்மா தினமும் இரண்டு தடவை ஃபோன் பண்ணுகிறாள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. தட்டில்லாத பால்கனியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல் மாப்பிள்ளையிடம்.

அப்பா