ரவுட்டரை மாட்டினால் மட்டும் போதுமா?

ஐயா,

வேலூரின் காட்பாடி, சத்துவாச்சாரி வீடுகளில் ஃபைபர் இணைய இணைப்போடு ரவுட்டர் (இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்வது) சேர்ந்த பெட்டியையே மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து கேளாமல் வரும் தொடர்பை அது உள்ளே விடாது. கணினியை நேரே இணையத்தில் செருகுவதைவிட நல்ல காவல்தான். ஆனால் போலி லிங்க்கை நாமே தட்டினால் இந்தப் பெட்டியால் தடுக்க முடியாது.

பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில், அதன் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அதில் நுழைந்து முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. டபிள்யூபிஎஸ் (பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்தே ரவுட்டர் அமைப்புகளை மாற்றும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

வாசல் கேமராவைச் செல்போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறந்து வைப்பதுதான் பெரிய ஓட்டை. கேமரா வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டே தொடர்ந்தால், எங்கோ இருப்பவரும் நம் வாசலை எட்டிப்பார்க்கலாம். இணைப்பு தருபவர்கள் மாட்டும் நாளிலேயே, வீட்டுக்காரர் முன்னிலையில் இவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

- நெட்வொர்க் டெக்னீஷியன், வேலூர்