நான்காவது ஒப்புதல் வேண்டாம், ஐட்டம் மாஸ்டரைத் திருத்துங்கள்

மேலாண்மைக்கும் ஈஆர்பி (நிறுவன மேலாண்மை மென்பொருள்) குழுவுக்கும்,

வணக்கம்.

ஸ்டீல் ஷீட் இல்லாமல் உற்பத்தி லைன் நின்றதை அடுத்து நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. பர்ச்சேஸ் ஆர்டருக்கு மூன்று ஒப்புதல் போதாதாம், இனி நான்கு வேண்டுமாம். என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் நடந்தது என்று மட்டும் சுற்றறிக்கையில் ஒரு வரி கூட இல்லை.

1250 × 2500 மி.மீ. அளவுள்ள 2 மி.மீ. ஸ்டீல் ஷீட்டின் எடை ஏறத்தாழ 49 கிலோ. நீள அகலத்தை மீட்டரிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் எடுத்து 7.85ஆல் பெருக்கினால் வந்துவிடும். ஈஆர்பியில் ஒவ்வொரு பொருளின் விவரமும் இருக்கும் பதிவான ஐட்டம் மாஸ்டரில் இருந்ததோ 39.25. அது 1.6 மி.மீ. ஷீட்டின் எடை. பழைய 1.6 ஐட்டத்தை காப்பி செய்துதான் புதியது திறக்கப்பட்டது. பெயர் மாறியது, கனம் மாறியது, கிலோவுக்கும் எண்ணிக்கைக்குமான கணக்கு மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கத்துகிற மென்பொருள், தப்பாக இருந்தால் வாயே திறப்பதில்லை.

பிறகு நடந்தது வெறும் கணக்கு. உற்பத்திக்கு 100 ஷீட் வேண்டும் என்றது எம்ஆர்பி, அதாவது எந்தப் பொருள் எப்போது எவ்வளவு தேவை என்று கணக்கிடும் பகுதி. வாங்குவது கிலோவில் என்பதால் ஆர்டர் 3,925 கிலோ என்று போனது. சப்ளையர் 3,925 கிலோ அனுப்பினார். எடை மேடையிலும் அதே 3,925. ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) கிலோவில், இன்வாய்ஸ் கிலோவில். ஆர்டர், வரவு, பில் மூன்றும் ஒத்துப்போய்ப் பச்சை டிக் விழுந்தது. வந்த கட்டுக்குள் இருந்தவை 80 ஷீட்.

இருப்பில் 100 என்று காட்டியதால் எம்ஆர்பி மறுபடி கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துக் கடைசி ஷீட்டை வெட்டும்வரை மீதி 20 ஷீட்டும் கணினிக்குள் பத்திரமாக இருந்தன. அப்புறம் ‘எண்ணிக்கை வித்தியாசம்’ என்று ஒரு வரியில் கழித்து, பழி ஸ்டோர்ஸ் தலையில் இறங்கியது.

இப்போது சொல்லுங்கள், நான்காவதாக ஒப்புதல் தருபவர் திரையில் எதைப் பார்ப்பார்? சரியான சப்ளையர், சரியான விலை, 3,925 கிலோ. முன்னவர் மூவரும் பார்த்ததும் அதைத்தான். அவரும் ஒப்புதல் தருவார், பாவம்.

தந்து முடிக்க அவருக்கும் ஒரு நாளாவது ஆகும். மாஸ்டரில் உள்ள லீட் டைம் சப்ளையர் எடுக்கும் நாட்கள் மட்டுமே, நம் ஒப்புதல்களுக்கு அதில் ஒரு நாள் கூட இல்லை. ஆகவே எம்ஆர்பி சொன்ன தேதியிலேயே கோரிக்கை எழுந்தாலும் ஆர்டர் தாமதமாகத்தான் வெளியேறும். தாமத அறிக்கையில் பெயர் வருவது பர்ச்சேஸுக்கு. டாஷ்போர்டுக்கோ எந்தக் கவலையும் இல்லை: இந்தச் சரக்கு குறித்த நாளில் முழு அளவில் வந்ததாக அங்கே இன்னும் பச்சையாகவே நிற்கிறது. அதன் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க நடத்திய கூட்டங்களில் ஒன்றையாவது மாஸ்டருக்கு ஒதுக்கியிருக்கலாம்.

மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான்: ஐட்டம் மாஸ்டரைத் திருத்துங்கள். எடையில் வாங்கி எண்ணிக்கையில் செலவழிக்கும் எல்லா ஐட்டங்களையும் முதலில் எடுங்கள். ஷீட், பைப், ராடு ஆகியவற்றுக்கு அளவிலிருந்தே எடையைக் கணக்கிட்டு, மாஸ்டரில் உள்ளதோடு ஒப்பிட்டால் தப்பானவை தாமே வெளியே வந்து நிற்கும். மாஸ்டரை மட்டும் மாற்றினால் தீராது. இன்னும் முடியாமல் திறந்திருக்கும் ஆர்டர்கள் பழைய கணக்கைத் தங்களோடு எடுத்துச் சென்றுவிட்டன, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பாதி சரக்கு வந்துவிட்ட ஆர்டராக இருந்தால் மீதியை மூடிவிட்டுப் புதிய வரி போடுவதே பாதுகாப்பு.

இனி ஐட்டத்தை காப்பி செய்யும்போது அந்தக் கட்டம் காலியாகவே வரட்டும். பர்ச்சேஸும் ஸ்டோர்ஸும் பார்த்து விடுவிக்கும்வரை அந்த ஐட்டத்துக்கு ஆர்டர் போட முடியாதபடி பூட்டிவையுங்கள். ஜிஆர்என்னில் கிலோவோடு எண்ணிக்கையையும் கேளுங்கள். கட்டின் பக்கவாட்டில் நின்று ஷீட்டை எண்ண ஐந்து நிமிடம் போதும்.

இவை முடியும்வரை நான்காவது ஒப்புதலை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாஸ்டர் திருத்தத்தை அடுத்த எம்ஆர்பி ஓட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். 1.6 ஐட்டத்திலிருந்து காப்பி செய்யப்பட்ட 2.5 மி.மீ. ஐட்டம் ஒன்றும் வரிசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவினர்