பள்ளித் தோட்டத்தில் எதை, எப்போது விதைக்கப் போகிறோம்?

அன்புள்ள பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே,

வணக்கம். மே மாதக் கடைசி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், காய்கறித் தோட்டத்தில் பயத்தங்காய்க் கொடி போடுகிறோம். என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். அங்கே முழுதாகச் சொல்ல நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

சில பிள்ளைகள் இணையத்தில் வாங்கிய பிராட் பீன்ஸ், பட்டாணி விதைகளை ஆசையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கம், பிராட் பீன்ஸை அக்டோபர், நவம்பரில் அல்லது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போடலாம் என்றும், பட்டாணியை மார்ச் முதல் ஜூன் வரை போடலாம் என்றும் அச்சிட்டிருக்கிறது. அது இங்கிலாந்துக்கான கணக்கு. அங்கே அக்டோபரில் போட்ட பிராட் பீன்ஸ் சின்னச் செடியாகவே குளிர்காலத்தைத் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் காய்த்துவிடும். பட்டாணி போட, மண்ணின் சூடு 10 டிகிரியாவது வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

இங்கே மலேசியாவில், நம் தாப்பாவில் பகலில் 32, 33 டிகிரி. ராத்திரியிலும் பெரிதாகக் குறைவதில்லை. இந்தச் சூட்டில் இரண்டுமே முளைக்கும், ஓரளவு வளரும், பூக்கவும் செய்யலாம். ஆனால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். எந்த மாதம் போட்டாலும் இதுதான் நடக்கும். இதே சாலையில் மேலே ஏறிக் கேமரன் மலைக்குப் போனால் 15 முதல் 25 டிகிரிதான். அங்கே என்றால் முயன்று பார்க்கலாம். அந்த விதைகளை நான்காம் ஆண்டு பிள்ளைகள் ஈரப்பஞ்சில் முளைக்கவைத்துப் பார்ப்பார்கள். கச்சாங் பூத்தே பொட்டலத்தில் கொறிக்கிற அந்தத் தட்டையான பெரிய பயறு இந்தப் பிராட் பீன்ஸ்தான், அதற்கும் இப்படி வேர் விடும் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பாட்டிமார் சிலர் "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நினைவூட்டினார்கள். தமிழ்நாட்டில் அது ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற காலம். இங்கே நம் பக்கத்தில் மழை கொட்டுவது ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரிலும்தான். ஜூன், ஜூலையில் மழை குறைவு. பெருமழையில் விதை அழுகும், பூ அடிபடும், இலையில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரை நாம் ஊற்றிக்கொள்ளலாம், கொட்டுகிற மழையை நிறுத்த முடியாது. அதனால் ஜூனைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். நாம் போடப்போவது பயத்தங்காய். விதைத்து 45, 50 நாளில் முதல் காய் பறிக்கலாம். அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரம் காய்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பறிக்காமல் விட்டால் காய் முற்றிவிடும், கொடியும் புதுப்பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரலில் விதைத்தால் சரியாகக் காய்க்கிற நேரத்தில் பள்ளிக் கதவு மூடியிருக்கும். ஜூன் நடுவில் விதைத்தால் ஜூலைக் கடைசியில் பறிக்கத் தொடங்கி, ஆகஸ்டு கடைசி விடுமுறைக்குள் பெரும்பாலான காயைப் பிள்ளைகளே வீட்டுக்குக் கொண்டு வருவார்கள்.

நம் மண் புளிப்பு மண். விடுமுறைக்கு முன்பே பாத்தி உயர்த்தி, தோட்டத்துச் சுண்ணாம்பு கலந்துவிடுவோம். இரண்டு வாரம் அது மண்ணோடு சேரட்டும். அப்புறம் மக்கிய கோழி எரு, அதுவும் அளவாக. எரு மிஞ்சினால் இலை மட்டும் தழைத்து, காய் குறைந்துபோகும். குழிக்கு இரண்டு மூன்று விதை, ஓர் அங்குல ஆழம், குழிக்குக் குழி ஓர் அடி இடைவெளி.

பூக்கிற சமயத்தில் ஒரு கொடியை மட்டும் வேரோடு பக்குவமாகத் தோண்டி எடுக்கப் போகிறோம். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றைக் கிள்ளி உள்ளே பார்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த முடிச்சுக்குள் வாழ்கிற பாக்டீரியா, காற்றில் இருக்கிற நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகிறது. இளம் செம்பனைக்கு நடுவே தரையே தெரியாமல் ஒரு கொடி படர்ந்திருப்பது எஸ்டேட்டில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும். அதுவும் பயறு இனம்தான். களையை அமுக்குவதற்கும், மண் கரையாமல் இருப்பதற்கும், இந்த நைட்ரஜனுக்கும்தான் அதை நிர்வாகம் போடுகிறது. உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பாடப்புத்தகத்தைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் எடுத்துவைத்த பயத்தங்காய் விதை இருந்தால் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள். சிறகவரை விதை இருந்தாலும் சரி, அதை வேலி ஓரமாகப் போடுவோம். அதன் தோல் கெட்டி, ஆகவே முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஆறேழு அடி உயர மூங்கில் கம்பு தேவை. சனி, ஞாயிறு தண்ணீர் ஊற்ற முறைவைத்து வரக்கூடியவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். தண்ணீர் பிடித்துவைக்கிற தொட்டியைக் கட்டாயம் மூடிவிட்டுப் போங்கள், டிங்கிக் கொசு முட்டையிட ஒரு கிண்ணம் தண்ணீரே போதும்.

பூச்சிமருந்து யாரும் கொண்டுவர வேண்டாம். நுனியில் கறுப்பாக அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியும், லேசான சோப்புத் தண்ணீர் தெளித்தும் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகள் பச்சையாகவே பறித்துத் தின்கிற காய் இது.

விதையைப் பள்ளி திறக்கும் வாரத்திலேயே, பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். யார் வீட்டு விதை எந்தப் பாத்தியில் இருக்கிறது என்று அட்டை எழுதிவைப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்